நாலாவது லைன் கார்டு

முனிரத்தினம்: முதல்ல எழுதிக்கோ. கூடத்துல இருக்கறது மூணு பேரு. முனிரத்தினம், நானு. எம் பொண்ணு மதிவதனி. கம்பெனிக்கு ஆள் புடிச்சுக் குடுக்கற கான்ட்ராக்டர் சுப்பராயன், நீ. இப்ப சொல்லு.

சுப்பராயன்: இன்னா பெரியவரே, கோர்ட்டா இது? மன்னிப்புக் கடுதாசியில ஒரு கையெழுத்து. போட்டா நாளைக்கே மதி வேலைக்கு வரலாம். போடலைன்னா வேலையும் போச்சு, கார்டு குடுத்தவங்க மேல போலீஸ் கேசு.

முனிரத்தினம்: அது இன்னா கார்டு? உன் வாயாலயே சொல்லு.

சுப்பராயன்: அது... ஒரு ஒழுங்குக்கு...

மதிவதனி: பாத்ரூம் கார்டுண்ணே. லைனுக்கு ஒண்ணு. கழுத்துல மாட்டிக்கினுதான் போகணும். ஒருத்தி திரும்பி வந்தாத்தான் அடுத்தவ. ஒரு லைன்ல வேலை செய்யறது நாப்பது பேரு.

முனிரத்தினம்: ஒழுங்குன்னா, வெளிநாட்டுக்காரங்க வந்த அன்னிக்கு மட்டும் ஏன் எல்லாத்தையும் பீரோவுல பூட்டினீங்க?

சுப்பராயன்: விருந்தாளி வந்தா நீங்க வூட்டைக் கூட்ட மாட்டீங்களா?

மதிவதனி: கூட்டினாங்கப்பா! பாத்ரூம் வாசல்ல ரோஜாத்தொட்டி. 'தண்ணி நெறைய குடிங்க'ன்னு போர்டு. நாங்க பயந்துக்கினு தண்ணியே குடிக்கறதில்ல.

முனிரத்தினம்: அதான் நீர்க்கடுப்புல மயங்கி, எட்டு நாளு ஆஸ்பத்திரியில கெடந்தா. அதுக்கு யாருப்பா மன்னிப்பு கேக்கறது?

சுப்பராயன்: மயங்கி விழுந்தப்ப கழுத்துல இருந்து, அப்பிடியே ஆஸ்பத்திரிக்குப் போன கார்டுதான் இப்ப வெனையே! நாலாவது லைன் கார்டு. நம்ம ஒயரை வாங்குற கார் கம்பெனிக்காரங்களோட, அவங்க ஊரு தொழிற்சங்கத்து அம்மா ஒண்ணு வந்துதே... அது கார்டைப் போட்டோ புடிச்சு அவங்க ஊருக்கு அனுப்பிடுச்சு. கார்டை ஒழிச்சாத்தான் இனிமே ஆர்டராம்!

முனிரத்தினம்: நல்ல அம்மா.

சுப்பராயன்: கம்பெனிக்கு நெலம் குடுத்த பெரியவர்னு அன்னிக்கு உங்களுக்கு மேடையில நாற்காலி போட்டோம்...

முனிரத்தினம்: எங்க நெலத்துல எனக்கே நாற்காலி. ரொம்ப பெரிய மனசு.

சுப்பராயன்: நீங்க மேல சால்வை போத்திக்கினு கீறீங்க, கூட்டம் கலைஞ்சதும் உங்க பொண்ணு அந்தம்மா கால்ல விழுந்து, அழுதுக்கினே கார்டைக் குடுத்துதாம். வல்லம் ஊரே பேசுது.

முனிரத்தினம்: கால்லயா?

மதிவதனி: அப்பா, சும்மா இருங்க... ஆமாண்ணே, விழுந்தேன். பேனாவைக் குடுங்க.

சுப்பராயன்: பாத்தீங்களா! அதுவே ஒத்துக்கிச்சு.

முனிரத்தினம்: பேனாவைக் கீழ வை, மதி. சுப்பராயா, ஊருக்குப் போய்ச் சொல்லு. எங்க வூட்டுல யாரும் யார் கால்லயும் விழல. யாரும் அழல. கார்டை அந்தம்மா கையில வெச்சது நானு. நிமிந்து நின்னுக்கினுதான் வெச்சேன்.