கொடையாளர் பட்டியலை அழித்தது நான் அல்ல

பெயர் சங்கமித்ரா, வயது 28, தந்தை பெயர் முனிகிருஷ்ணன், இருப்பிடம் ஜோகுபாளையம், பெங்களூர். நான் தமிழில் சொல்ல, தமிழ் தெரிந்த ஏட்டு எழுதிக்கொண்டார்.

தனியார் இரத்த வங்கி ஒன்றில் நான்கு வருடமாகக் கணினி இயக்குநராக இருக்கிறேன். கணினிப் பிரிவின் தலைவர் கஸ்தூரிரங்கன். சர்வர் ஆன் ஆனதும் தானாக ஓடும் ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரலை எழுதியவர் அவர்தான். அது சர்வரில் எல்லோரும் எழுதக்கூடிய பொது இடத்தில், எப்போதும் ஒரே பெயரில் ஒரு தற்காலிக ஃபைலை உருவாக்கும். அதே பெயரில் யாராவது முன்கூட்டியே ஒரு லிங்க் வைத்து வேறொரு ஃபைலுக்குத் திருப்பிவிட்டால், ஸ்கிரிப்ட் எதையும் சரிபார்க்காமல் அந்த ஃபைலில் இருப்பதை அழித்து அதன் மேலேயே எழுதிவிடும். இதை 2001 ஜூன் 4ஆம் தேதி அவரிடம் எழுத்து மூலம் கொடுத்தேன். அதற்கு அவர், "நீ என்ட்ரி போடற வேலைய மட்டும் பாரும்மா" என்றார்.

ஜூன் 14 காலை கரண்ட் போய் வந்து சர்வர் மறுபடி ஆன் ஆனது. அதன் பிறகு கொடையாளர் பட்டியலைத் திறந்தேன். ஐயாயிரம் பெயர்கள் இருந்த ஃபைலில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. நகல் எடுக்கும் டேப் டிரைவ் இரண்டு மாதமாகப் பழுது. அந்நேரம், பிரசவத்தில் இரத்தப்போக்கு நிற்காத ஒரு பெண்ணுக்கு ஓ நெகட்டிவ் வேண்டுமென்று போன் வந்தது. எங்களிடம் இருப்பு இல்லை. ஜீவனஹள்ளியில் நாராயணசாமி என்ற கொடையாளர் இருப்பது என் நினைவில் இருந்தது. அவர் வீட்டில் போன் கிடையாது. அதனால் எங்கள் நர்ஸ் யூனிஸிடம் சொல்லிவிட்டு ஆட்டோவில் போய், சாப்பிட்டுக்கொண்டிருந்தவரைக் கை கழுவ வைத்து அழைத்து வந்தேன். அந்தப் பெண் பிழைத்துவிட்டார்.

நாங்கள் வந்து சேர்ந்தபோது வாசலில் இரண்டு காவலர்கள் நின்றார்கள். நான் இரத்தத்துக்காக ஆட்டோவில் அலைந்த நேரத்தில் கஸ்தூரிரங்கன் என் மேல் புகார் கொடுத்திருக்கிறார். இந்த ஓட்டை எனக்கு மட்டுமே தெரியும் என்றும், ஆகவே அழித்தவள் நான்தான் என்றும் அதில் இருந்தது. ஆதாரம், நான் கொடுத்த அதே கடிதம்; அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

மறுநாள் சப்-இன்ஸ்பெக்டர் முன்னிலையில் அந்தப் பொது இடத்தைத் திறந்து காட்டச் சொன்னேன். கொடையாளர் பட்டியலுக்குத் திருப்பிவிடும் லிங்க் அங்கே அப்படியே இருந்தது. பக்கத்தில் அதை உருவாக்கியவர் பெயரும் தேதியும் இருந்தன: கஸ்தூரிரங்கன், ஜூன் 5.

"நீ சொன்னது நிஜமான்னு பாக்கத்தான் வச்சேன். அப்புறம் மறந்துட்டேன். இதப் போய்ப் பெருசு பண்ணாதம்மா" என்றார். சோதித்துப் பார்க்க ஒரு வெற்று ஃபைல் கிடைக்கவில்லையா, நோயாளிகளின் உயிர் இருக்கும் பட்டியல்தான் கிடைத்ததா என்று கேட்டேன்.

புகாரைத் திரும்பப் பெறுவதாகவும் நான் சமாதானமாகப் போகவேண்டும் என்றும் நிர்வாகம் சொல்கிறது. எனக்குச் சம்மதமில்லை. லிங்க் வைத்ததை மறந்தவருக்கு, என் கடிதம் எந்த அலமாரியில் இருக்கிறது என்பது மட்டும் எப்படி நினைவிருந்தது என்று போலீஸார் அவரிடம் கேட்டு, அந்தப் பதிலையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை.

(ஒப்பம்) மு. சங்கமித்ரா
18.6.2001