நீலம் செத்துப்போச்சு

— கதவைச் சாத்துங்க டீச்சர், சாத்துங்க! பெரியம்மா வர்றாங்களா?

— தலைமையாசிரியை அவங்க ரூம்லதான் இருக்காங்க சார். என்ன இது, மூணாம் வகுப்பு குளமாக் கிடக்கு? பசங்க எங்க?

— விளையாட அனுப்பிட்டேன். நான் ஒரு கொலை பண்ணிட்டேன் டீச்சர். வகுப்புக்கு வந்த இந்தப் புது டிவி திரையில நீலத்தைக் கொன்னுட்டேன்.

— நீலத்தையா?

— திரைக்குள்ள சிவப்பு, பச்சை, நீலம்னு பொடிப்பொடி விளக்கு இருக்குன்னு இன்னைக்குப் பாடம். மேல ஒரு சொட்டுத் தண்ணி வெச்சா பூதக்கண்ணாடி மாதிரி புள்ளிபுள்ளியாத் தெரியும்.

— ஒரு சொட்டுக்கா இவ்வளவு வெள்ளம்?

— ஆளுக்கொரு சொட்டு வேணும்னு ஒரே அழுகை. நான்தான் பெரிய விஞ்ஞானி ஆச்சே! செடிக்கு அடிக்கிற பாட்டிலை எடுத்து விசிறிட்டேன்.

— ஐயோ சார்!

— சிவப்பும் பச்சையும் ஜொலிச்சுது, நீலம் மட்டும் மங்கல். சரின்னு மூணும் சேர்ந்தா வெள்ளைன்னு காட்டப் போனா, மஞ்சளடிச்சு நிக்குது. சிவப்பும் பச்சையும் மட்டும் எரிஞ்சா மஞ்சள். நான் நடத்தின பாடமே எனக்கு எதிரா சாட்சி சொல்லுது!

— பசங்க என்ன சொன்னாங்க?

— "வெள்ளை சார், வெள்ளை"ன்னு ஒரே கத்தல். என்னைக் காப்பாத்தப் பொய் சொல்லுதுங்க, பாவம். எனக்கு அழுகையே வந்துடுச்சு.

— சார்... அந்த மூக்குக்கண்ணாடியைக் கொஞ்சம் கழட்டுங்க.

— துடைச்சும் பார்த்துட்டேன், கழட்டியும் பார்த்துட்டேன். எனக்கு நேரமே சரியில்ல. காலையில சட்டையைப் பழுப்பாக்கிட்டாருன்னு சலவைக்காரரோட சண்டை. போன வாரம் வீட்டு ட்யூப்லைட் அழுது வடியுதுன்னு மாத்தினேன், புதுசும் அதே அழுகை.

— இருங்க இருங்க. இந்தச் சாக்பீஸ் என்ன நிறம்?

— பழுப்பு. பழைய சரக்கை நம்ம தலையில கட்டிட்டாங்க.

— ...இது எத்தனை நாளா சார்?

— எது? திரையை இப்பதானே கெடுத்தேன்!

— வாங்க, வெளிய போய் உட்காரலாம்.

— வெளிய வந்தா பெரியம்மா கண்ணுல பட்டுடுவேன் டீச்சர். திரையைத் தொடவே விடமாட்டேன்னாங்க பெரியம்மா. நான்தான் கெஞ்சிக் கூத்தாடி வாங்கினேன். வேலைக்கே வேட்டு.

— வேலையெல்லாம் போகாது. முதல்ல கொஞ்சம் தண்ணி குடிங்க.

— ஊத்தின தண்ணி போதாதா? உங்க குரல் ஏன் இப்படி இறங்குது?

— உங்க வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு போன் போடட்டுமா?

— அவளுக்கா! பெரியம்மாவே தேவலாம். எதுக்கு இப்படி சுத்தி வளைக்கிறீங்க? என் முகத்தைப் பார்த்து நேரா ஒரு பதில் சொல்லுங்க. திரை போச்சா, இல்லையா?

— போகல சார். திரை பளிச்னு வெள்ளையாத்தான் இருக்கு. உங்க சட்டையும்.