மேலே ஏறாத ஐந்து

என் பெயர் தையல்நாயகி, வயது 49, கணவர் பெயர் பச்சைமுத்து, திண்டிவனம் ஏரிக்கரைத் தெருவில் குடியிருக்கிறேன். மூன்றாவது வரை படித்தேன். சீனுவாசன் என்பவரின் ரத்தப் பரிசோதனை லேபில் ஒன்பது வருடமாகக் கூட்டிப் பெருக்கி, ரிப்போர்ட் எடுத்துக் கொடுக்கிறேன்.

அங்குள்ள கம்ப்யூட்டர் புரோகிராமில், பத்துக்கு மேலே சின்னதாக நிற்க வேண்டிய ஐந்து, பிரிண்டரில் கீழே இறங்கி 105 என்று விழும். டெக்னீஷியன் இளவரசி தாளுக்குத் தாள் அதை அடித்துவிட்டுப் பச்சைப் பேனாவால் மேலே எழுதுவார். மேலே இருந்தால் கிருமி ஒரு லட்சம், கீழே இருந்தால் வெறும் நூற்றைந்து என்று எனக்கும் சொல்லியிருக்கிறார். "இன்னா இளவரசி, புள்ளய தோள் மேல ஏத்திட்டியா" என்று நான் தினமும் கிண்டல் செய்வேன். புரோகிராமைச் சரிசெய்யும்படி அவர் மூன்று முறை கேட்டும், பேனாதான் இருக்கிறதே, இதிலென்ன பேஜாரு என்று முதலாளி சொல்லிவிட்டார்.

கடந்த ஜூலை 9ஆம் தேதி இளவரசி தன் நிச்சயதார்த்தத்துக்காகத் திருவாமாத்தூரில் இருந்தார். அன்றைய தாள்களைத் திருத்திக் கொடுக்கச் சொல்லி முதலாளியிடம் முந்தின நாளே சொல்லிவிட்டுத்தான் போனார். முதலாளி திருத்தாமல் என்னிடம் கொடுத்தார். அதன் பிறகு கிளியனூர் ஆர்த்தி, ஆறு மாதக் கர்ப்பிணி, கணவர் ரஞ்சித்துடன் சிறுநீர் ரிப்போர்ட் வாங்க வந்தார். முகம் வாடியிருந்ததால் சிரிக்க வைக்க நினைத்து, "நூத்தஞ்சுதான் கண்ணு, எங்க ஊட்ல கொசுவே அதவிட ஜாஸ்தி" என்றேன். அவரும் சிரித்துக்கொண்டே போனார். பச்சை மை இல்லாததைப் பார்த்தேன். டாக்டருக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டேன். டாக்டரும் 105 என்று பார்த்து மருந்து எழுதவில்லை என்று பின்னால் தெரிந்தது. ஆறாம் நாள் காய்ச்சல் முற்றி, விழுப்புரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தும், வயிற்றிலேயே குழந்தை இறந்துவிட்டது. பெண் குழந்தை.

அதன் பிறகு ரஞ்சித் போலீசில் புகார் கொடுத்த மறுநாள், முதலாளி அந்த ரிப்போர்ட்டின் ஆபீஸ் காப்பியையும் பச்சைப் பேனாவையும் என்னிடம் கொடுத்து, "தெனம் பாத்துக்கினுதான இருக்க, அவள மாதிரியே ஒரு அஞ்சு போடு" என்றார். போட்டேன். அதைத்தான் தங்களிடம் காட்டி, இளவரசி ஊருக்குப் போகும் முன் ஆபீஸ் தாளை மட்டும் திருத்திவிட்டு, ஆர்த்திக்குக் கொடுக்க வேண்டிய தாளை அலட்சியமாக விட்டுவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணின் கல்யாணம் நின்றுவிட்டது.

இதை யார் மிரட்டியும் சொல்லவில்லை. படித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது. எனக்கு எழுத வருவது என் பெயரும் அந்தச் சின்ன ஐந்தும்தான். இரண்டையும் கீழே போட்டிருக்கிறேன். ஆபீஸ் காப்பியோடு வைத்துப் பார்த்துக்கொள்ளவும்.

(ஒப்பம்) தையல்நாயகி

10⁵