வைப்பர் தூக்கி நிற்கும் பச்சை மாஸ்க்விச்

மேடையில் அமர்ந்திருக்கும் ரௌஷான் அபாய் அவர்களே, சுரங்க நினைவகத்தின் இயக்குநர் பெய்செனோவ் ஐயா அவர்களே, தொழிற்சங்கத்துப் பெரியவர்களே, எங்கள் கரகண்டா மாதிரிக் கார் மன்றத்தின் தோழர்களே, சூடேற்றும் வெந்நீர்க் குழாய் வேலை செய்யாத இந்த மண்டபத்தில் கோட்டுகூடக் கழற்றாமல் வந்து அமர்ந்திருக்கும் சுரங்கத்துக் குடும்பங்களே, எல்லோரையும் தலை தாழ்த்தி வணங்குகிறேன்.

நான் பல் மருத்துவன். அடுத்தவரை வாயைத் திறக்கச் சொல்லியே காலம் தள்ளியவன். இன்று என்னைத் திறக்கச் சொல்லியிருக்கிறீர்கள். திறந்தால் சிலருக்கு வலிக்கும். அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

இன்று நாற்பதாம் நாள். காலையில் ரௌஷான் அபாய் வீட்டில் ஷெல்பெக் சுட்ட வாசனை படிக்கட்டு வரைக்கும் வந்தது. அந்த ரொட்டியைப் பிட்டுத் தின்றுவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறோம். எங்கள் மன்றத்தின் தலைவர், சுரங்க சர்வேயர், பொறியாளர் தோலேகென் சார்செம்பாயெவ், ரௌஷான் அபாயின் கணவர், நாங்கள் மரியாதையோடு தோகே என்று அழைத்த தோகே, இப்போது இல்லை. அவர் ஈமானோடு இருக்கட்டும்.

யார் அந்தத் தோகே? நல்ல மனிதர், இனிய பண்பாளர் என்று சொன்னால் அவரே எழுந்து வந்து மறுப்பார். முன்கோபி. பிடித்த பிடியை விடாதவர். உண்மையான காரைவிட நாற்பத்து மூன்று மடங்கு சிறிய காரைச் செய்கிறவனுக்கு நாற்பத்து மூன்று மடங்கு பெரிய பொறுமை வேண்டும் என்பார்கள். தோகேயிடம் அது கார்களுக்கு மட்டும்தான் இருந்தது, மனிதர்களுக்கு மிச்சம் வைக்கவில்லை.

நூலகத்தின் நிலவறையில் எங்கள் மன்றம் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடும். உறுப்பினர் ஒருவர் ஒரு வோல்கா காரைச் செய்து கொண்டுவந்தார். கறுப்பு வண்ணம், முகம் பார்க்கலாம், அத்தனை பளபளப்பு. தோகே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்:

"இத ஓட்டினது யாரு?"

"யாரும் ஓட்டல தோகே. நான் செஞ்சது."

"அதான் தெரியுதே. ஓட்டின ஆள் இல்லாத வண்டி பொம்மைய்யா. வீட்ல பேரன் இருந்தா குடு, விளையாடட்டும்."

அந்த உறுப்பினர் மூன்று வாரம் மன்றத்துப் பக்கமே வரவில்லை. திரும்பி வந்தபோது அதே வோல்காவின் ஓட்டுநர் இருக்கையில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. பின் கண்ணாடியில் குஞ்சம் வைத்த திரை தொங்கியது. "இது எங்க பெரியப்பா வண்டி," என்றார். தோகே அலமாரியில் தன்னுடைய காரை நகர்த்தி அதற்கு இடம் கொடுத்தார். அவரிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு வாங்கியவர் இந்த ஊரில் கிடையாது.

ரௌஷான் அபாய், நீங்கள் சொன்னதை நான் இங்கே சொன்னால் கோபிக்க மாட்டீர்கள் அல்லவா? "வீடு பூரா வண்டி நிக்குது டாக்டர், ஏறிப் போக ஒண்ணு இல்ல. என் காய்கறிக் கத்தியில பிசின், என் மேசைத் துணியில வண்ணம், என் படுக்கையில டயரு." இப்படிச் சொல்லிவிட்டு, அவர் சாமணத்தில் பிடித்திருந்த கடுகளவு கதவுப்பிடி தரையில் விழுந்ததும் முதலில் மண்டியிட்டுத் தேடியவர் நீங்கள்தானே?

இனி அந்தக் காலைக்கு வருகிறேன். வராமல் இருக்க முடியாது.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் அந்தக் காலையில் சுரங்க வாயிலில் நின்றவர்கள். வாயு வெடித்தது. தீ அணையவில்லை. கடைசிப் பகுதியைச் சுவர் வைத்து மூடினார்கள். உள்ளே இருந்தவர்கள் உள்ளேயே இருந்துவிட்டார்கள். எந்தச் சுரங்கப்பாதை எங்கே முடிகிறது, யார் எத்தனை தூரத்தில் இருப்பார்கள் என்பது வரைபடத்தில் விரல் வைத்துச் சொல்லத் தெரிந்தவர் தோகே. தெரிந்து என்ன பயன்? சுவர் எழுந்த பிறகு அவருடைய வரைபடம் வெறும் காகிதம்.

அவர் வெளியே வந்தார். வாகனம் நிறுத்தும் திடலில் கார்கள் நின்றன. காலை முறைக்கு இறங்கியவர்கள் விட்டுப் போன கார்கள். எல்லாவற்றின் மேலும் ஒரே கனத்தில் பனி. சில பானட்டுகளின் இடுக்கில் பழைய கம்பளியின் ஓரம் எட்டிப் பார்த்தது, எஞ்சின் குளிராமல் இருக்கப் போர்த்தியது. தோகே அளவு நாடாவை எடுத்தார். காருக்கும் காருக்கும் நடுவே இருந்த தூரத்தை அளந்தார். பனியின் கனத்தை அளந்தார். பெண்கள் அழுதுகொண்டிருக்கும் இடத்தில் ஒரு மனிதர் மண்டியிட்டு டயரை அளக்கிறார் என்றால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? "சர்வேயருக்கு மூளை கலங்கிடுச்சு" என்றார்கள். கலங்கவில்லை. கீழே அளக்க விடவில்லை, மேலே அளந்தார். அவ்வளவுதான்.

வேலையை விட்டார். அந்தத் திடலைச் செய்ய உட்கார்ந்தார்.

இதோ இந்த மேசையில் இருக்கும் பலகைதான் அது. பின்வரிசையில் இருப்பவர்கள் பிறகு முன்னால் வந்து பாருங்கள். குடும்பம் குடும்பமாக அவரிடம் போனீர்களே, நினைவிருக்கிறதா? கார் என்ன மாடல் என்று அவர் கேட்டதே இல்லை. "ஆளச் சொல்லுங்க, வண்டி அப்புறம்" என்பார். சிகரெட் எந்தக் கையில் பிடிப்பார், கதவை ஓங்கிச் சாத்துவாரா மெல்லச் சாத்துவாரா என்று கேட்பார். ஒருவருடைய ஜிகுலி காரில் கியர்க் குமிழுக்குள் ரோஜாப்பூ இருந்தது. கொத்தமல்லி விதை அளவு குமிழுக்குள் அந்தப் பூவைச் செய்ய என்னுடைய மிக மெல்லிய துளையூசியைக் கேட்காமலே எடுத்துப் போனார். இன்றுவரை திருப்பித் தரவில்லை. நான் கேட்கப் போவதும் இல்லை.

பனிக்கு எல்லோரும் சோடா உப்பைத் தூவுவோம். அவர் சம்மதிக்கவில்லை. "நம்ம ஊர்ல வெள்ளைப் பனி எங்கய்யா விழுது?" அதே சுரங்கத்தின் கரியை மாவாக அரைத்து அதன் மேல் தூவினார். அதைப் பார்த்ததும் பெண்கள் மறுபடி அழுதார்கள்.

கார்களைப் பலகையில் ஒட்டவே கூடாது என்பது அவர் போட்ட சட்டம். அடியிலிருந்து திருகு போட்டு முடுக்க வேண்டும். மன்றத்தில் புதிதாகச் சேர்ந்தவர் யாராவது பசையைக் கையில் எடுத்தால் கத்துவார்: "ஒட்டினா வண்டி அதோட செத்துது. திருகு போடு. நாளைக்கு எடுத்துத் துடைக்கணும், உடைஞ்சா சரி பண்ணணும்." இதை மறந்துவிடாதீர்கள், நான் திரும்பி வருவேன்.

இப்போது அந்தப் பச்சை மாஸ்க்விச் கார்.

அது ரஃப்கத் கைனுலினுடையது. அவருடைய மனைவி அல்ஃபியா மூன்றாம் வரிசையில் இருக்கிறார். ரஃப்கத்துக்கு அன்று வேலை இல்லை. வேறொருவருக்குப் பதிலாக இறங்கினார். தேநீர் குடிக்கும்போது அதை மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் போனார், யாருக்குப் பதிலாக என்று மட்டும் சொல்லவில்லை. இறங்குமுன் விளக்கறையில் எடுத்த அடையாள வில்லை அந்த வேறொருவர் பேரில் இருந்தது. அந்த மனிதர் வீட்டில் உயிரோடு இருந்தார். நடந்ததைச் சொன்னால் தன் தலை உருளும் என்று பயந்து, வாயைத் திறக்காமல் குடும்பத்தோடு ஊரைவிட்டே போய்விட்டார். விசாரணைக் குழு என்ன சொன்னது? வில்லை கொடுத்ததில் ஏதோ பிசகு, ரஃப்கத் கீழே இறங்கவே இல்லை. அப்படியானால் ஆள் எங்கே? ஓடிப் போயிருப்பார்.

ஓடிப் போயிருப்பார். இந்த இரண்டு வார்த்தையை ஒரு பெண் எத்தனை வருடம் சுமப்பாள்? ரொட்டிக் கடை வரிசையில் காதுபடவே பேசினார்கள்: "அவளுக்கென்ன, அவ புருஷன் எங்கயோ நல்லாதான் இருப்பான்." நினைவுக் கல்லில் அவர் பெயர் இல்லை. கல்லுக்கு முன்னால் பூ வைக்கும் நாளில் அல்ஃபியா வேலிக்கு வெளியே நின்றார். நான் பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருக்கிறீர்கள்.

தோகே மட்டும் அந்தக் காரைப் பார்த்தார். அதன் மேல் மற்றக் கார்களின் மேல் இருந்த அதே கனத்தில் பனி. அதன் இரண்டு வைப்பர்களும் கண்ணாடியைத் தொடாமல் தூக்கி நின்றன. நம் ஊரில் கார் ஓட்டுகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பனியில் ரப்பர் கண்ணாடியோடு ஒட்டிப் பிய்ந்துவிடும். வேலை முடிந்து வந்து வீட்டுக்கு ஓட்டிப் போக வேண்டியவன்தான் வைப்பரைத் தூக்கி வைத்துவிட்டுப் போவான்.

விசாரணைக் குழுவிடம் இதைச் சொன்னார். சிரித்தார்கள். அதனால் செய்தார். தலைமயிர் கனத்தில் பித்தளைத் தகட்டை வெட்டி, இரண்டு வைப்பர்களையும் தூக்கியே வைத்தார்.

பெய்செனோவ் ஐயா, நீங்கள் கெட்டவர் அல்ல. நீங்கள்தான் இந்தப் பலகைக்கு நினைவகத்தில் தனி அறையும் கண்ணாடிப் பெட்டியும் தர முன்வந்தீர்கள். ஒரே ஒரு நிபந்தனை. கல்லில் பெயர் இல்லாதவரின் கார் இருக்கக் கூடாது. எங்கள் நிலவறைக்கு வந்து, உங்களைத் தௌலெத் என்று பெயர் சொல்லி அழைக்கும் அவரிடம் சொன்னீர்கள், நான் பக்கத்தில் இருந்தேன்.

"ஒரு வண்டிதானே தோகே. திருகக் கழட்டி எடுத்துட்டா மத்ததெல்லாம் உள்ள வந்துடும்."

"ஓடிப் போறவன் வைப்பரத் தூக்கி வெச்சுட்டுப் போவானா, தௌலெத்?"

"எனக்குத் தெரியுது. மேல இருக்கிறவங்களுக்கு யாரு சொல்றது?"

"நீ சொல்லு. இல்லன்னா தேநீர் ஆறுது, குடிச்சுட்டுக் கிளம்பு."

நீங்கள் குடித்தீர்கள். கிளம்பினீர்கள். அதன்பின் அவர் உயிரோடு இருந்தவரை அந்த அறை காலியாகவே இருந்தது.

அவருடைய சாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். உப்புத்தாளால் பிசினைத் தேய்த்துத் தேய்த்து, அந்தத் தூசியும் வண்ணப் புகையும் ஏற்கெனவே கரி குடித்த நுரையீரலில் இறங்கின. மூச்சு விடும்போது பழைய கதவு திறப்பதுபோல் சத்தம் கேட்கும். நான் பெட்டி பெட்டியாக முகக்கவசம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒருநாள் சொல்லாமல் போய் நின்றேன். முகக்கவசங்கள் எல்லாம் ஈர வண்ணம் காய்ந்துகொண்டிருந்த கார்களின் மேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. இவர் வெறும் முகத்தோடு தேய்த்துக்கொண்டிருந்தார்.

"யோவ் தோகே, இது உமக்குக் குடுத்தது."

"வண்ணத்துல தூசி விழுந்தா மறுபடி செய்யணும் டாக்டர். என் மேல விழுந்தா விழட்டும்."

இந்த முட்டாள்தனத்தைச் செய்ய எங்கள் கூட்டத்து ஆளால்தான் முடியும். நான் இன்னும் அவரை மன்னிக்கவில்லை.

அவர் போன பிறகு நினைவகத்திலிருந்து மறுபடியும் கேட்டு வந்தார்கள். மன்றத்தில் சண்டை வந்தது. வேண்டாம் என்றார்கள் சிலர். மற்றவர்களின் கார்களாவது வெளிச்சத்துக்கு வரட்டுமே என்றார்கள் சிலர். யார் சொல்லி அது முடிவுக்கு வந்தது தெரியுமா? அல்ஃபியா நிலவறைப் படியிறங்கி வந்தார். முதல் தடவையாக வந்தார்.

"எடுத்துடுங்க டாக்டர். எங்களால மத்தவங்க ஏன் இருட்டுல கெடக்கணும்? நான் வீட்ல கொண்டுபோய் வெச்சுக்கறேன். எனக்குத் தெரிஞ்சா போதும்."

நாங்கள் பலகையை இருபக்கமும் பிடித்து மெல்லச் சாய்த்தோம். நான் திருப்புளியோடு குனிந்தேன். ஒவ்வொரு காருக்கும் அடியில் அவர் சொன்னபடியே திருகு. ஜிகுலிக்கு அடியில் திருகு. பெரியப்பாவின் வோல்காவுக்கு அண்ணன் போல் நிற்கும் ஒரு வெள்ளை வோல்காவுக்கு அடியில் திருகு. பச்சை மாஸ்க்விச் நிற்கும் இடத்தில் விரலால் தடவினேன். வெறும் மரம்.

ஆம். பசையைத் தொட்டவன் கையை உடைப்பேன் என்ற அந்த மனிதர், அந்த ஒரு காரை மட்டும் எப்பாக்ஸிப் பசையால் ஒட்டியிருந்தார். நான்கு சக்கரத்தையும் பலகையோடு ஒட்டியிருந்தார். அதை எடுக்க வேண்டுமென்றால் திடலையே ரம்பத்தால் அறுக்க வேண்டும்.

அல்ஃபியாவும் குனிந்து அந்த இடத்தில் கை வைத்தார். பிறகு சொன்னார்:

"பாவி மனுஷன். நானே இப்படி வந்து கேப்பேன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு."

பெரியோர்களே, உறுதிமொழி எடுத்துக்கொண்டு கலைவதுதான் இப்படிப்பட்ட கூட்டத்தின் வழக்கம். அவர் விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம் என்று நானும் சொல்ல வேண்டும். தொடர்வதற்கு அவர் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை, முடித்துவிட்டுத்தான் போயிருக்கிறார். அவர் ஒட்டியதைப் பெயர்க்காமல் இருப்பது ஒன்றுதான் எங்கள் பணி. பெய்செனோவ் ஐயா, உங்கள் அறை எங்களுக்கு வேண்டும். முழுப் பலகையாக வருவோம். கல்லில் அந்தப் பெயர் ஏறும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம். அறை இல்லை என்றால் நிலவறைக் கதவு ஞாயிற்றுக்கிழமைதோறும் திறந்திருக்கும், இந்தக் குடும்பங்கள் அங்கே வரும்.

கடைசியாக ஒன்று. இன்று காலை பலகையைப் படியேற்றும்போது மாஸ்க்விச்சின் இடது வைப்பர் ஒடிந்துவிட்டது. இதோ என் சட்டைப்பையில் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன். நீங்கள் எல்லோரும் எழுந்து நின்று தோகேக்காக மௌனமாக இருக்கப் போகிறீர்கள். அந்த மௌனத்தில் நான் இதைப் பொருத்தப் போகிறேன். தலைமயிர் கனத்துப் பித்தளை, அதனால் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்க வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அல்ஃபியா, நீங்கள் இங்கே மேசைக்கு வந்து விளக்கைப் பிடியுங்கள்.