சின்னதாக ஒரு தப்பு

உலகத்தில் குறையே இல்லாத வானொலி நிலையம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதை அப்படி ஆக்கியவன் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை, உங்கள் விசாரணைக் கோப்பில் முதல் வரியாக எதையாவது எழுதியாக வேண்டுமே, அதற்காகச் சொல்கிறேன். அந்த மின்விசிறியை அணைத்துவிடலாமா? ஸ்டுடியோவிலேயே கிடந்து பழகியவன், விசிறி சுற்றினால் எனக்கு யாரோ பேச்சில் குறுக்கிடுவது போல இருக்கும்.

தலைமையகத்திலிருந்து நீங்கள் இவ்வளவு தூரம் வந்தது எதற்கு என்று தெரியும். எங்கள் நேயர் குறைகேள் பிரிவுக்கு அழைப்பே வராமல் நின்றுபோய்விட்டது. ஒன்று, தொலைபேசி பழுதாக இருக்க வேண்டும். இல்லை, பிரிவின் பொறுப்பாளனான நான் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டுத் தூங்கியிருக்க வேண்டும். மேலிடத்தில் இந்த இரண்டைத் தவிர வேறொன்று தோன்றியிருக்காது. தொலைபேசி நன்றாக இருக்கிறது. நானும் தூங்கவில்லை. குறை சொல்லிக்கொண்டிருந்தவர் இப்போது இல்லை, அவ்வளவுதான்.

ஒருவர்தானா என்கிறீர்கள். ஒருவர்தான். மற்ற நேயர்களுக்கு நிகழ்ச்சி பிடிக்காவிட்டால் குமிழைத் திருப்பிவிட்டுப் போய்விடுவார்கள். நாகரிகம் என்றால் அதுதான். வேலை மெனக்கெட்டு நம்மைக் கூப்பிட்டுக் குறை சொல்கிறவன் வேறு ரகம். அவனுக்கு நிகழ்ச்சி ஒரு பொருட்டே இல்லை. வீட்டில் காது கொடுக்க ஆள் இல்லாததால் அரசாங்கக் காதைத் தேடி வருகிறான். இந்தக் கருத்தை நான் கேன்டீனில் பல தடவை விளக்கியிருக்கிறேன். மறுத்துப் பேசியவர் ஒருவரும் இல்லை.

எங்களுக்கு வாய்த்தவர் எடை அளவைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடை கடையாகப் போய்த் தராசைச் சோதிப்பது, தேய்ந்த எடைக்கல்லைப் பறிமுதல் செய்வது, இதுதான் அவர் பார்த்த உத்தியோகம். அவர் ஓய்வு பெற்றதும் கடைக்காரர்கள் தப்பித்தார்கள், நாங்கள் மாட்டிக்கொண்டோம். ‘படிக்கல்’ என்று அவருக்குப் பெயர் வைத்தது நான்தான். அவர் மாதிரியே பேசிக் காட்டுவதிலும் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

“தம்பி, நேத்து நாடகத்துல மழை பெஞ்சுதுல்ல?” என்று ஆரம்பிப்பார்.

“ஆமா சார்.”

“அந்த மழையில ஒரு சொட்டு தகர டப்பா மேல விழுது. போன மாசம் அந்தக் காதல் நாடகத்துலயும் அதே டப்பாதான். ஊரு வேற, காலம் வேற. டப்பா மட்டும் எப்படி தம்பி கூடவே போகுது?”

எங்களிடம் இருந்ததே ஒரே மழைதான்.

ரத்த அழுத்தத்தைப் பற்றி மருத்துவர் பேசிக்கொண்டிருந்தபோது அவருடைய நாற்காலி கிறீச்சிட்ட கிறீச்சில் தனக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டதாக ஒரு நாள் சொன்னார். பாட்டு விரும்பிக் கேட்டதாக யார் யார் பெயரை வாசிக்கிறோமோ அவர்கள் எல்லாரும் அறிவிப்பாளரம்மாவின் சித்தி வீட்டுக்காரர்கள் என்று கண்டுபிடித்தார். அது எங்களுக்கே அப்போதுதான் தெரியும். சந்தை நிலவரத்தில் நேற்றைய வெங்காய விலையை இன்றைக்கு வாசித்துவிட்டால், வாசித்து முடிப்பதற்குள் என் மேசையில் மணி அடிக்கும்.

என் நிகழ்ச்சியைப் பற்றி மட்டும் அவர் வாயைத் திறந்ததில்லை. ‘ஒரு நிமிடம் யோசிப்போம்’ என்று மாலை நேரத்தில் வரும் சிந்தனை நிகழ்ச்சியை எழுதி வாசிப்பவன் நான். நீங்களும் கேட்டிருக்கலாம். கேட்டிருக்க மாட்டீர்கள், பரவாயில்லை. அவருடைய மௌனத்தை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் இதே அறையில் மாதாந்திரக் கூட்டம். நடுவில் படிக்கலின் அழைப்பை என் மேசையிலிருந்து இங்கே திருப்பிவிட்டார்கள். எல்லாரும் கேட்டு மகிழட்டும் என்று நிலைய இயக்குநர் ஸ்பீக்கரைப் போட்டார். பேச்சுவாக்கில், “எங்க குறைகேள் தம்பி பண்ற நிகழ்ச்சி எப்படிங்க?” என்று கேட்டுவைத்தார்.

படிக்கல் கொஞ்சம் யோசித்தார். “அதுல தப்பு ஒண்ணும் இல்லீங்க. தப்பு வர்றதுக்கு அதுல ஏதாவது இருக்கணுமே.”

ஒலிப் பொறியாளருக்கு டீ மூக்கு வழியாக வந்தது. இயக்குநர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். இதற்கும் பிற்பாடு நடந்ததற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாள் எனக்குத் தரத்தின் மேல் அக்கறை வந்தது.

நாற்காலிகளுக்கு எல்லாம் நானே எண்ணெய் போட்டேன். மழை வந்ததும் மொட்டை மாடியில் மைக்குக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்று, விதவிதமான மழைகளைப் பதிவு செய்து வந்தேன். நனைந்ததில் எனக்குக் காய்ச்சல் கண்டது. சித்தி குடும்பத்தை நிகழ்ச்சியிலிருந்து நீக்கினேன். அறிவிப்பாளரம்மா என்னோடு பேசுவதை நிறுத்தினார். காலையில் சந்தைக்கு நேரிலேயே போய் வெங்காய விலை கேட்டு வந்தேன். “என்னப்பா, நல்லாத்தானே இருந்த?” என்று பொறியாளர் கேட்டார்.

படிக்கல் முதலில் குழம்பிப்போனார்.

“தம்பி, டாக்டரோட நாற்காலியை மாத்திட்டீங்களா?”

“எண்ணெய் போட்டோம் சார்.”

“ஓ.”

“அப்ப சரி” என்று வைத்துவிட்டார். அன்றைக்குக் கேன்டீனில் எல்லாருக்கும் நான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

தினமும் வந்த அழைப்பு, நாள் விட்டு நாள் ஆயிற்று. அப்புறம் வாரத்துக்கு ஒன்று. கடைசியாகப் பேசியபோது அவரிடம் குறையே இல்லை. “சும்மாதான் தம்பி கூப்பிட்டேன்” என்றார். குறை இருந்தால் மட்டுமே இந்த எண்ணுக்குப் பேச வேண்டும் என்று விதியை அவருக்கு நினைவூட்டினேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு பெண் பேசினார். “சார், நான் அவரோட மருமக. உங்க ரேடியோவுக்கு என்ன சார் ஆச்சு?”

“ஒண்ணும் ஆகலையேம்மா.”

“அதைத்தான் சார் கேக்கறேன்.”

காலையில் முதல் ஒலிபரப்புக்கு முன்னாலேயே எழுந்து உட்காரும் மனிதர் இப்போது படுக்கையை விட்டு நகர்வதில்லையாம். “உங்களுக்கு போன் பண்றதுன்னா முகம் கழுவி, சட்டை மாட்டிக்கிட்டுத்தான் சார் பண்ணுவாரு. ஆபீசுக்குப் பேசறோம்ல, மட்டு மரியாதை வேணாமான்னு கேப்பாரு. இப்ப சட்டையே போடறதில்ல. சாப்பாடும் ரெண்டு வாயோட சரி. டாக்டரு பாத்துட்டு உடம்புல ஒரு குறையும் இல்லைங்கறாரு.”

குறையில்லாமல் இருப்பது ஒருவரை எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பது அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது.

நீங்கள் பேனாவை நிறுத்திவிட்டீர்கள். நான் நிறுத்தவில்லை. இன்னும் கொஞ்சம் கவனமாக இருக்கத் தொடங்கினேன். செய்தி எழுதிய தாள்களை வாசிப்பவர் புரட்டும் சத்தம் கேட்காமலிருக்க மேசைமேல் கம்பளித் துணி விரித்தேன். தொண்டை வறண்ட வாசிப்பாளர் ஒருவரை நூலகப் பணிக்கு மாற்றச் சொல்லிப் பரிந்துரைத்தேன். அவருக்குப் பிள்ளைகள் உண்டு; நூலகத்திலும் சம்பளம் உண்டு.

அப்புறம் மருமகள் நேரிலேயே வந்தார். என் அறையில், காய்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கிறீச் சத்தம் வரவில்லை.

“சின்னதா ஒரு தப்பு பண்ணுங்க சார். போதும். செய்தியில ஒரு ஊர் பேரை மாத்திப் படிச்சாக்கூடப் போதும். வேற யாருக்குத் தெரியப்போகுது? அவரு ஒருத்தருக்குத் தெரிஞ்சாப் போதும், எழுந்து உக்காந்துடுவாரு.”

“பொதுமக்கள் பணத்துல நடக்கற நிலையம்மா இது. வேணும்னே தப்பு பண்ண முடியுமா?”

“வேணும்னு இல்லாமலே இத்தனை வருஷம் பண்ணீங்களே சார்.”

“பாக்கலாம்மா” என்றேன். அரசாங்க அலுவலகத்தில் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, வீட்டுக்குப் போய், “நாளைக்கு நல்லா கேளுங்க மாமா, ஏதோ சரியில்லன்னு பேசிக்கறாங்க” என்று சொல்லியிருக்கிறார்.

மறுநாள் மாலைச் செய்தி. வாசிக்க வந்த பெண்ணுக்குச் சளி. மூக்கு சிவந்து, கண் கலங்கி இருந்தது. நான் ஸ்டுடியோவுக்குள்ளேயே அவர் பக்கத்தில் நின்றுகொண்டேன். வாசிப்பவர்கள் இருமுவதற்கென்று மேசையில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்திக்கொண்டிருக்கும்வரை மைக் அணைந்திருக்கும். மிக மென்மையான பொத்தான். அதன்மேல் என் விரல் இருந்தது.

ஓர் அமைச்சர் நாட்டின் வளர்ச்சி குறித்துப் பெருமிதம் தெரிவித்துக்கொண்டிருந்த வாக்கியத்தின் நடுவில் அந்தப் பெண்ணின் மூக்கு சுருங்கியது. இத்தனை வருட அனுபவத்தில் சொல்கிறேன், அது மாதிரி ஒரு தும்மலை நான் பார்த்ததில்லை. தாள்கள் பறந்தன. அது மட்டும் வெளியே போயிருந்தால் படிக்கல் முகம் கழுவிச் சட்டை மாட்டிக்கொண்டு என்னைக் கூப்பிட்டிருப்பார். ஒரு மாதத்துக்குச் சாப்பாடு இறங்கியிருக்கும். அமைச்சரின் வளர்ச்சிக்கும் அந்தத் தும்மலுக்கும் உள்ள உறவைப் பற்றித் தனியாக ஒரு அழைப்பு வந்திருக்கும்.

ஊருக்குக் கேட்டது, ஒரு வாசிப்பாளர் மூச்சு வாங்கிக்கொள்ளும் அளவுக்கு ஓர் அமைதி. அவ்வளவுதான். அந்தத் தும்மலை நம்பி ஓர் உயிர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அழுத்தினேன். தெரியாமல் செய்ததாக எழுதிவிடாதீர்கள். என் வேலையில் தற்செயல் என்று எதுவும் கிடையாது.

“தேங்க்ஸ் சார், மானத்தைக் காப்பாத்தினீங்க” என்றார் அந்தப் பெண்.

அந்த வாரமே படிக்கல் போய்விட்டார். இதயம் என்று மருத்துவர் எழுதிக்கொடுத்திருக்கிறார். நிலையத்தின் சார்பில் மாலையோடு நான்தான் போனேன். மருமகள் அழுகையினூடே என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“அன்னைக்கு நாள் பூரா கேட்டாரு சார். ரொம்ப நாளைக்கப்புறம் சட்டையெல்லாம் போட்டுக்கிட்டு. சாயங்காலம் செய்தி முடிஞ்சதும் அவரே எழுந்து ரேடியோவை அணைச்சாரு. ‘எல்லாம் சரியா இருக்கும்மா, இனிமே நான் கேக்க வேண்டியதில்ல’ன்னுட்டுப் படுத்தவருதான்.” மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “நீங்க மறந்திருப்பீங்க சார். உங்களுக்கு ஆயிரம் வேலை.”

மறக்கவில்லை என்று அவரிடம் சொல்லவில்லை. துக்க வீட்டில் நம் வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது முறையில்லை.

வருத்தம் உண்டா என்கிறீர்கள். தரத்தில் சமரசம் செய்துகொள்ளாதவன் எதற்கு வருத்தப்பட வேண்டும்? நிலையம் அதற்குப் பிறகும் ஒரு தவறும் இல்லாமல்தான் நடக்கிறது. நேற்று ஒரு நாடகத்துக்குத் தூறலாக ஆரம்பித்து வலுக்கிற மழை ஒன்றைப் போட்டேன், சொட்டு சொட்டாகச் செதுக்கியது. அந்த மழையைப் பற்றி யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று தொலைபேசிக்குப் பக்கத்திலேயே சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தேன். “இதையெல்லாம் இனிமே யாருக்குப்பா பண்ற?” என்று பொறியாளர் கேட்டார். அவர் நல்ல மனிதர்தான், கலை தெரியாது.

ஒரு நிமிடம். அந்தச் சுவர் ஸ்பீக்கரில் மதியச் செய்தி போகிறது, கேட்டீர்களா? தாள் புரட்டுகிற சத்தம். கம்பளியை எடுத்துவிட்டார்கள். நான் இங்கே உங்களோடு உட்கார்ந்த இந்தக் கொஞ்ச நேரத்துக்குள். இப்போது ஊர் பெயரையும் மாற்றி வாசித்தார். உங்களுக்குக் கேட்கவில்லையா? பாருங்கள், ஒருவருக்கும் கேட்பதில்லை.

அந்தத் தொலைபேசியைக் கொஞ்சம் இப்படி நகர்த்துங்கள். வீட்டுக்கு இல்லை, வக்கீலுக்கும் இல்லை. குறைகேள் பிரிவுக்குத்தான். ஆமாம், அது என் மேசைத் தொலைபேசிதான். எடுக்க வேண்டியவன் நான், நான் இங்கே இருக்கிறேன். தெரியும்.

இருந்தாலும் கொஞ்ச நேரம் அடிக்கட்டும்.