இருவர் நுழையும் கறுப்புத் துணி

கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்ததும் எல்லாருக்கும் மூக்கு அரிக்கும். தாசில்தாருக்கும் அரிக்கும், பட்டாளத்தில் இருந்து வந்தவனுக்கும் அரிக்கும். அதுவரை அப்படியொரு மூக்கு முகத்தில் இருப்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்காது. இந்த விவகாரம் அங்கேதான் தொடங்குகிறது, அம்மா. நான் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அவசரமில்லை.

பெயர் இல்யாஸ். வயது எழுபத்தாறு. வாணியம்பாடியில் தோல் தரம் பிரிப்பது தொழிலாக இருந்தது, படம் எடுப்பது பைத்தியமாக இருந்தது. தொழில் விட்டுப்போய்விட்டது. என் கேமரா சட்டைப்பையில் போகிற வகை இல்லை. தேக்குமரப் பெட்டி, மூன்று கால், நடுவே ஆர்மோனியத்தைப் போல மடிந்து விரியும் தோல் துருத்தி. அந்தத் துருத்தியை முதல் தரமான ஆட்டுத்தோலில் நானே செய்தேன். மூன்று வருடத்துக்கு முன் காவலூருக்குக் குடிவந்த அன்று பஸ்ஸிலிருந்து அதை இறக்கினேன். பதினொரு ஆடுகள் வீடுவரை என் பின்னாலேயே வந்தன. ஒன்று மூன்று நாள் வாசலிலேயே படுத்திருந்தது. என்ன உறவு என்று நான் விசாரிக்கவில்லை.

அந்தக் கேமரா வேலை செய்கிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். தொழில் சம்பந்தப்பட்டது, வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள். பெட்டியின் முதுகில் ஒரு மங்கல் கண்ணாடி உண்டு. எதிரில் இருப்பவர் அதில் தலைகீழாகத் தெரிவார். வெளிச்சத்தில் அது தெரியாது என்பதால் நான் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு குனிந்து பார்ப்பேன். முகம் கூர்மையாக விழுந்ததும் கண்ணாடிக்கு முன்னால் ஃபிலிம் சட்டத்தைச் செருகுவேன். நோட்டுப்புத்தகப் பக்கம் அளவுக்கு ஒரே ஒரு ஃபிலிம். சட்டம் உள்ளே போனதும் கண்ணாடி இருட்டாகிவிடும். பிறகு கையிலிருக்கும் ரப்பர் பந்தை அமுக்கி நான்கு என்று எண்ண வேண்டும். என் லென்ஸ் கிழம். நான்கு விநாடிக்குக் குறைந்து எதையும் பார்க்காது.

நான்கு விநாடி அசையாமல் இருப்பது பெரிய காரியமா என்று கேட்பீர்கள். மலைக்காரர்களுக்குப் பெரிய காரியமில்லை. எனக்குக் கேமரா சுமந்து வருகிற கருப்பன் சாமை விளைக்கிறவன், பருவத்தில் தேனும் எடுப்பான். அவனுடைய தாயார் பெரியம்மாள் கல்லின் மேல் உட்கார்ந்தார் என்றால் உட்கார்ந்தார்தான். ஒரு தடவை நான் எண்ணிக்கொண்டிருக்கும்போது ஓர் அணில் அவர் தோளில் ஏறி, மரமென்று நினைத்து, காதோரக் கொண்டையில் புளியங்கொட்டை ஒன்றைப் பதுக்கி வைத்துவிட்டுப் போனது. அடுத்த மாதம் எடுக்க வந்ததாகக் கேள்வி. எங்கள் ஊர் வானாய்வகத்துக்காரர்கள் நட்சத்திரத்தைப் படம் பிடிக்க மணிக்கணக்கில் திறந்துவைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது சுலபம். நட்சத்திரம் சிரிப்பதில்லை.

என் மனைவி லத்தீஃபா சிரிப்பாள்.

நாற்பத்தோரு வருடத்தில் அவளை ஏழு தடவை உட்காரவைத்து எடுத்தேன். ஏழு படமும் வீட்டில் இருக்கின்றன, உங்கள் ஆட்கள் பார்த்திருப்பார்கள். நாற்காலியில் செதுக்கிய பூவுக்கு இதழ் எண்ணலாம். வளையலை எண்ணலாம். சேலைக் கரையில் ஒரு நூல் பிரிந்திருப்பதுகூடத் தெரியும். முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் பால் பொங்கினாற்போல ஒரு வெள்ளை. மூன்றாவது விநாடியில் சிரித்துவிடுவாள்.

காரணம் அவள் தம்பி தாரிக். நான் துணிக்குள் போனதும் அவன் எனக்குப் பின்னால் வந்து நிற்பான்.

"அக்கா, இங்க பாரு, உன் வூட்டுக்காரருக்கு அஞ்சு காலு. வாலு மட்டும்தான் இன்னும் மொளைக்கல."

கேமராவுக்கு மூன்று, எனக்கு இரண்டு. கணக்கு சரிதான். நல்ல நகைச்சுவை என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். ஏழு தடவையும் அதே நகைச்சுவைதான். ஏழு தடவையும் அவள் சிரித்தாள். நானும் அவளிடம் எத்தனையோ சொல்லியிருக்கிறேன். அந்த ஆட்டுக் கதை, அணில் கதை போல வாணியம்பாடிக் கதைகள் என்னிடம் நூறு இருந்தன. "சோறு ஆறுது" என்பாள். அதனால் என்ன. ஒவ்வொருவருக்கும் ஒரு ரசனை.

அவள் போய் மூன்று வருடமாகிறது. ஆதார் அட்டையில் ஒரு படம் இருக்கிறது. அது லத்தீஃபா இல்லை. ஆதார் அட்டையில் இருப்பது யாருமே இல்லை என்பது உங்களுக்கும் தெரியும். பேத்தி ஃபிஜாவின் கைப்பேசியில் நிறைய இருக்கிறது, எல்லாம் கட்டைவிரல் நகம் அளவு. எனக்கு வேண்டியது ஒரு முகம். சுவரில் மாட்டினால் என்னைத் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு ஒரு முகம். வேறெதுவும் நான் கேட்டதில்லை.

போன ரம்ஜானுக்குத் தாரிக் காவலூருக்கு வந்தான். சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவன் அப்படியே தூங்கிவிட்டான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் மூடியதும் அவன் முகம் லத்தீஃபாவின் முகமாகிவிட்டது. அதே நெற்றி, அதே புருவம், மேலுதட்டில் அதே சின்னப் பள்ளம். மீசையை மட்டும் எடுத்துவிட்டால் போதும். அக்காளும் தம்பியும் இத்தனை ஒத்திருப்பது எழுபத்திரண்டு வருடமாக யாருக்கும் தெரியாமல் போனதற்குக் காரணம், அந்த ஆள் ஒரு நிமிஷம் வாயை மூடியதில்லை என்பதுதான்.

தூங்கும்போதே எடுத்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் கண் மூடியிருக்குமே. அந்தக் கண்தான் அவள் கண். விழித்திருக்க வேண்டும், அசையாமலும் இருக்க வேண்டும். மீசையை எடுக்கச் சம்மதித்தான். கண்ணமங்கலத்தில் முடிவெட்டுகிறவரிடம் கூட்டிப்போனேன். பிறகு பதினான்கு தடவை உட்காரவைத்தேன். கால் ஆட்டினான். கைப்பேசி எடுத்தான். "மச்சான், அஞ்சு காலோட பஸ்ல ஏறுனா ரெண்டு டிக்கெட்டா?" என்றான். பதினான்கிலும் பால் பொங்கியது.

அப்போதுதான் கருப்பன் சொன்னது நினைவுக்கு வந்தது.

காவலூரிலிருந்து ஒற்றையடிப் பாதையில் அரை மணி நேரம் நடந்தால் தேன்பாறை. முன்னால் சாய்ந்து நிற்கிற பெரிய பாறை, அடியில் வரிசையாகப் பெருந்தேனீக் கூடுகள் தொங்கும். முதல் தடவை என்னை அங்கே கூட்டிப்போனபோது, நான் குளித்த சோப்புக்காகக் கருப்பன் என்னைப் பாதி வழியில் திருப்பி அனுப்பிவிட்டான்.

"சென்ட்டு, சோப்பு, பூவு, ஒண்ணும் ஆவாது பாய். மணத்தோட போனா பகையாளி வந்துக்கீறான்னு நெனைச்சிக்கும்."

"வந்துட்டா இன்னா பண்றது?"

"இன்னா பண்றது, கல்லு மாதிரி குந்திக்கினு இருக்கணும். எங்கம்மாவாட்டம். அசைஞ்சா வுடாது."

கல்லைப் போல. அதைத்தான் நான் மாதக்கணக்காகத் தாரிக்கிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் சொன்னால் கேட்காதவன் தேனீ சொன்னால் கேட்பான். எனக்கு வேண்டியது நான்கு விநாடி பயம். ஐந்தாவது விநாடி எனக்குத் தேவையே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நல்ல வெளிச்சம். பாறைக்கு முப்பதடி தள்ளி நாற்காலி போட்டோம். தாரிக் வெள்ளை ஜிப்பாவில் மாப்பிள்ளையைப் போல இருந்தான். படத்துக்கு உட்காருகிறவனுக்குக் கொஞ்சம் அத்தர் பூசுவது எங்கள் பக்கம் வழக்கம் என்றேன். அப்படியொரு வழக்கம் கிடையாது. வாசனை படத்தில் விழாது என்பதும் எனக்குத் தெரியும். காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்தேன். காலரில் இன்னொன்று. தொப்பியிலும் கொஞ்சம். மிச்சமிருந்த புட்டியை அவன் ஜிப்பாப் பையில் போட்டேன். அதன் மூடி என் பையில் இருந்தது. இப்போது உங்கள் மேஜைமேல் அந்தக் கவரில் இருக்கிறது.

"இன்னா மச்சான், போட்டோவா, நிக்காஹ்வா?" என்றான். சந்தோஷமாகத்தான் இருந்தான்.

கருப்பன் மூக்கைச் சுளித்தான். "இன்னா பாய் வாசன?" என்று கேட்டான். அவனைக் காவலூர் கடைக்குப் போய்க் கேமராவுக்கு இரண்டு பேட்டரி வாங்கி வரச் சொன்னேன். அவன் உங்களிடம் அதைச் சொல்லியிருப்பான், நல்ல மனிதன், பொய் சொல்ல மாட்டான். என் கேமராவில் பேட்டரி கிடையாது.

துணியைப் பற்றிக் கேட்டீர்கள். அது லத்தீஃபா தைத்தது. அகலமான துணி, இரண்டு ஆள் தாராளமாக நுழையலாம். கல்யாணமான புதிதில் அவளும் உள்ளே வந்து உலகத்தைத் தலைகீழாகப் பார்ப்பாள். முந்தின நாள் அதைப் பச்சிலைப் புகையில் நன்றாகக் காட்டி வைத்திருந்தேன். பூச்சி அரிக்கக் கூடாதில்லையா.

துணிக்குள் போனேன். கண்ணாடியில் பாறைக் கூடுகள் கீழேயிருந்து முளைத்த கறுப்புப் பலாப்பழங்களாகத் தெரிந்தன. தாரிக் தலைகீழாக, வானத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு கூடு தோல் உரிந்தாற்போல அசைந்தது. புகை போல ஒன்று கிளம்பியது. ஒரு தேனீ அவன் கன்னத்தில் உட்கார்ந்தது. இரண்டு. பத்து.

அவன் அசையவில்லை.

வாய் மூடியது. கண் அகலமாகத் திறந்தது. அம்மா, அங்கே லத்தீஃபா இருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, முழுசாக எண்ணினேன். அவ்வளவு கூர்மையாக அவளை நான் உயிரோடுகூடப் பார்த்ததில்லை. என்னையே பார்த்தாள். சிரிக்கவில்லை.

ஐந்தாவது விநாடியில் தாரிக் எழுந்துவிட்டான். கண்ணாடியில் நீங்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும். வானத்தில் கால் பதித்து, ஜிப்பா பறக்க, தலையைக் கீழே தொங்கவிட்டு ஓர் ஆள் குதிக்கிறான். தொப்பி மேல்நோக்கி விழுகிறது. நாற்காலி ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். இரண்டு கையும் கதகளி ஆடுகின்றன. அப்படியே பெரிதாகி, பெரிதாகி, கண்ணாடி முழுவதும் ஜிப்பாப் பொத்தானாகி, பிறகு காணாமல் போனான். துணிக்கு வெளியே குரல் கேட்டது.

"மச்சான், உள்ள வுடுங்க. துணிய தூக்குங்க மச்சான்."

"அசையாதே," என்றேன். கருப்பன் சொன்ன அறிவுரைதான்.

"டேய், தூக்குடா."

நாற்பத்து நான்கு வருடத்தில் அவன் என்னை டேய் என்றது அதுதான் முதல் தடவை. பரவாயில்லை, அவசரத்தில் வாய் தவறும். துணியின் ஓரத்தை அவன் இழுத்தான். நான் உள்ளிருந்து பிடித்துக்கொண்டேன். வெளிச்சம் நுழைந்தால் ஃபிலிம் கெட்டுவிடும். அவ்வளவு பாடுபட்டு எடுத்த படம். பதினைந்தாவது தடவை. கொஞ்ச நேரத்தில் இழுப்பது நின்றது. அதற்கும் கொஞ்ச நேரம் கழித்து இரைச்சலும் நின்றது. குதிக்கும்போது அவன் பையிலிருந்து தெறித்த புட்டி பாதையில் உருண்டிருந்தது, தேனீக்கள் அதோடு கொஞ்ச தூரம் போயிருந்தன.

வெளியே வந்து பார்த்தேன். பத்தடியில் படுத்திருந்தான். இப்போதுதான் முற்றிலும் அசையாமல் இருந்தான், வெளிச்சமும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முகம் வீங்கிவிட்டிருந்தது. லத்தீஃபாவும் இல்லை, தாரிக்கும் இல்லை. அதனால் எடுக்கவில்லை. நான் அவ்வளவு ஈவிரக்கம் இல்லாதவன் அல்ல. கருப்பன் இரண்டு பேட்டரியோடு வந்து சேர்ந்தபோது நாற்காலியை மடித்துக்கொண்டிருந்தேன். போளூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றான். அவசரமில்லை என்று நான்தான் சொன்னேன்.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்?

ஓ. முதலில் சொன்ன தொழில் விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். கெட்டிக்காரி. சட்டத்தைச் செருகினால் கண்ணாடி இருட்டாகிவிடும் என்று நான்தான் சொன்னேன். அப்படியென்றால் தொப்பி மேலே விழுந்ததை எப்படிப் பார்த்தேன் என்கிறீர்கள். சரிதான். சட்டம் என் தோள்பையில் இருந்தது. உங்கள் ஆட்கள் எடுத்த பையில்தான், உள்ளே ஃபிலிம் வெளிச்சம் படாமல் பத்திரமாக இருக்கும். வெளியே எடுக்கவே மறந்துவிட்டேன். ஐம்பது வருடத்தில் நான் இப்படி மறந்ததில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

பிறகு எந்த ஃபிலிம் கெட்டுவிடும் என்று துணியைப் பிடித்துக்கொண்டீர்கள் என்று கேட்கிறீர்கள்.

நீங்கள் நினைப்பது போல எனக்கு அவன்மேல் ஒரு கோபமும் இல்லை, அம்மா. இருந்திருந்தால் இரண்டு கையாலும் பிடித்திருப்பேன். ஒரு கையால்தான் பிடித்தேன். இன்னொரு கையால் என் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். சிரித்தால் கேமரா ஆடிவிடும்.