தவழ்ந்த குழந்தையின் வேகம்

பெயரும் முகவரியும் இந்த வாக்குமூலத்தின் முதல் தாளில் கொடுத்திருக்கிறேன். வயது இருபத்தெட்டு. பி.இ. படித்தவள். தடய ஆய்வகத்தில் வீடியோ பதிவுகளைப் பரிசோதிக்கும் வேலை. எனக்குக் கைக்குழந்தை இருக்கிறது.

குழந்தைகள் காப்பகத்தில் ஆயா ஒருவர் ஒரு குழந்தையைப் பிடித்து உலுக்கியதாகப் புகார் வந்து, அவரைக் காவலில் வைத்திருந்தார்கள். எங்கள் மேலாளர் ஏற்கெனவே அறிக்கை அனுப்பிவிட்ட வழக்கு அது. நீதிமன்றத்துக்காக அந்த வீடியோ பதிவிலிருந்து படங்கள் எடுத்துத் தரும் வேலை மட்டும் என்னிடம் வந்தது. மேலாளர் எழுதிய புரோகிராமில் பதிவை ஓட்டினேன். ஆயா வெறி பிடித்தவர் போல் உலுக்கினார். உடனே வீட்டுக்கு ஃபோன் செய்து, என் குழந்தை தூங்குகிறதா என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு மறுபடி ஓட்டியபோது, பாயின் ஓரத்தில் இன்னொரு குழந்தை தவழ்வதைக் கவனித்தேன். எலி போல ஓடியது. வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் தவழும் குழந்தையின் பின்னால் ஓடுகிறவள் நான். எந்தக் குழந்தையும் அப்படித் தவழாது. அதன் பிறகு கேமராவின் கோப்பைத் திறந்து, ஒவ்வொரு படமும் எடுக்கப்பட்ட நேரத்தைப் பார்த்தேன். அறையில் வெளிச்சம் குறைவு என்பதால் கேமரா நொடிக்குப் பத்துப் படம்தான் எடுத்திருந்தது. எங்கள் புரோகிராமோ எது வந்தாலும் நொடிக்கு முப்பது என்று வைத்து நகல் எழுதிவிடும். மும்மடங்கு வேகம். சரியான நேரத்தை வைத்து ஓட்டியதும் அந்தக் குழந்தை தவழ்ந்தது. ஆயா, அழுகிற குழந்தையைத் தோளில் போட்டு ஆட்டித் தூங்கவைத்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு மேலாளரிடம் காட்டினேன். "ரிப்போர்ட் போயாச்சும்மா. கிணறு வெட்டப் பூதம் கிளம்பும்" என்றார். "கிளம்பட்டும் சார். பூதத்தை உள்ள விட்டது நம்ம புரோகிராம்தானே" என்றேன். திருத்திய நகலை நானே நீதிமன்றத்தில் கொடுத்தேன். அதன் பிறகு, சாட்சியத்தைத் திரித்ததாக அவர் என்மேல் புகார் கொடுத்தார்.

இன்ஸ்பெக்டர் காலையிலிருந்து ஒரே கேள்வியைக் கேட்கிறார். எனக்குப் பால் கட்டி, சட்டை நனைந்துவிட்டது. "பதிவை மாத்திட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டுப் போம்மா. குழந்தை தேடும்ல" என்றார். "அந்த ஆயாவுக்கும் வீட்டுல குழந்தை இருக்கு சார். அதுவும் தேடும்" என்றேன்.

நான் ஒரு படத்தைக்கூடச் சேர்க்கவில்லை, நீக்கவுமில்லை. மூலப் பதிவு முத்திரையோடு நீதிமன்றத்தில் இருக்கிறது. எந்த ஆய்வகத்திலும் ஓட்டிப் பார்க்கட்டும்.

நான் சொன்னதை எழுதி எனக்குப் படித்துக் காட்டியபோது ஓரிடத்தில் "மாற்றினேன்" என்றிருந்தது. அந்தச் சொல்லை அடிக்கச் சொல்லி, பக்கத்தில் சுருக்கொப்பமிட்டேன். மீதியெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, உண்மை. ஆயாவை எப்போது விடுவீர்கள் என்று நான் கேட்டதையும் எழுதச் சொன்னேன். பதில் வரவில்லை என்பதையும் எழுதச் சொல்லி, அதன் கீழே கையெழுத்திட்டேன்.

(ஒப்பம்)